குழந்தையோடு குளிர்கால ஐரோப்பா: சொந்தக்காரர் வீடுகளுக்கு முதல்முறை போகிறவர்களுக்குப் படிப்படியாக

எங்கள் ஊர் புதுச்சேரி. என் பெரியம்மா பாரிஸ் பக்கத்தில் சார்செலில் இருக்கிறார், தம்பி ஜெர்மனியில் கொலோனில் இருக்கிறான். ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு டிசம்பர் 20இலிருந்து ஜனவரி 4 வரை இரண்டு வீட்டுக்கும் போய் வந்தோம். அதற்கப்புறம் இதே மாதிரிக் கிளம்புகிற நாலைந்து பேர் போன் பண்ணிக் கேட்டுவிட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தேன்நிலவுக்குப் போகிறவர்களுக்கான திட்டம் குழந்தைக்கு ஒத்துவராது, குளிர்காலத்தில் சுத்தமாக ஒத்துவராது. ஒரு நாளைக்கு ஒரு இடம், இருட்டுவதற்குள் வீடு, மிச்ச நேரமெல்லாம் சொந்தக்காரர்களோடு. கீழே இருப்பதெல்லாம் இந்தக் கணக்கில் போட்டதுதான்.

முதலில் தேதி

நம் பள்ளிகளில் அரையாண்டு விடுமுறை பெரும்பாலும் டிசம்பர் 24ஐ ஒட்டித்தான் தொடங்கும். ஆனால் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைகள் பலவும் 23ஆம் தேதியோடு மூடிவிடும், 24 மதியத்துக்கு மேல் கடைகளும் இருக்காது, 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை. விளக்கும் மர வீடுகளும் ராட்டினமுமாகப் படங்களில் பார்க்கிற அந்தச் சந்தைதான் உங்கள் குழந்தைக்கு வேண்டும் என்றால் பள்ளியில் இரண்டு மூன்று நாள் முன்னாடியே லீவு கேட்டுவிடுங்கள். முடியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம், பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துத் துய்லரி தோட்டத்தில் போடுகிற சந்தை புத்தாண்டு தாண்டியும் நடக்கும். நாங்கள் முதல் மூன்று நாள் கொலோன், அப்புறம் பாரிஸ் என்று வைத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

பனியைப் பற்றியும் இப்போதே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். பாரிஸிலும் கொலோனிலும் டிசம்பரில் பனி விழுவது அபூர்வம். மூன்று டிகிரி, ஐந்து டிகிரியில் தூறல், ஈரக்காற்று, சாம்பல் வானம், பெரும்பாலான நாள் அப்படித்தான் போகும். பனியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளை மலைக்கு ஒதுக்க வேண்டும். கொலோனிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரத்தில் வின்டர்பெர்க் போய்விடலாம், சறுக்குவண்டி வாடகைக்குக் கிடைக்கும். இயற்கைப் பனி குறைவான நாட்களில் அங்கே இயந்திரம் வைத்தும் பனி அடிக்கிறார்கள்.

அடுத்து விசா

பிரான்ஸ், ஜெர்மனி இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். டிசம்பர் கூட்டத்தை நினைத்து ஆகஸ்ட், செப்டம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 ஆகாத குழந்தைகளுக்கு 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயது ஆகாத குழந்தைகளுக்குக் கைரேகை எடுப்பதில்லை.

இதில் பலர் மாட்டிக்கொள்வது குழந்தையின் பாஸ்போர்ட்டில்தான். நமக்குப் பத்து வருஷம், குழந்தைகளுக்கு ஐந்தே வருஷம். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்கு அப்புறமும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அப்பா அம்மாவில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்க வேண்டும், எல்லாருக்கும் தனித்தனியாகப் பெயர் இருக்க வேண்டும்.

பிரான்ஸில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர்கள் தங்கள் ஊர் மெரிக்குப் போய், உங்களைத் தங்க வைப்பதற்கான சான்று வாங்க வேண்டும். மெரி என்றால் அங்கத்திய நகராட்சி அலுவலகம். வாடகை ஒப்பந்தம், வருமானக் காகிதம் எல்லாம் கேட்பார்கள், 30 யூரோ முத்திரைக் கட்டணம் உண்டு. அந்தக் காகிதத்தின் அசல்தான் செல்லும் என்பதால் கூரியரில் வந்து சேர வேண்டும். பெரியம்மாவிடம் நான் செப்டம்பர் கடைசியில்தான் சொன்னேன், அங்கே நேரம் கிடைக்கவே மூன்று வாரம் ஆகிவிட்டது, கூரியர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு எனக்கு மறுநாள் காலை விசா நேரம். அத்தனை நாள் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம், ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள்.

துணிமணி

இங்கே கடையில் கிடைக்கிற ஒரே ஒரு தடிமனான ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். மூன்று அடுக்கு வேண்டும். உடம்பை ஒட்டி தெர்மல் என்கிற சூடு காக்கும் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற மேல்சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஜாக்கெட். உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்வையில் நனைந்து, வெளியே வந்ததும் அதுவே குளிர ஆரம்பித்துவிடும். மெட்ரோ, கடை, அருங்காட்சியகம் எல்லா இடத்திலும் ஹீட்டர் இருப்பதால் குழந்தைக்கு ஒரு நாளில் பத்துத் தடவை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும், அதனால் ஜிப் வைத்ததாக வாங்குங்கள், தலைவழியாகப் போடுகிறது வேண்டாம். பூட்ஸ் தண்ணீர் புகாததாக, கம்பளிச் சாக்ஸ் போட்டு விரலை அசைக்க இடம் இருக்கிற அளவில். இதையெல்லாம் காசு கொடுத்து வாங்குவதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள். வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் போன வருஷத்து ஜாக்கெட் கண்டிப்பாக இருக்கும். என் மகள் போட்டதெல்லாம் அவளுடைய மாமா பெண்ணுடையது, நாங்கள் புதிதாக வாங்கியது தெர்மலும் கையுறையும் மட்டும்தான்.

கையுறை இரண்டு ஜோடி எடுங்கள், ஒரு ஜோடியை நூலில் கோத்து ஜாக்கெட் கைக்குள் விட்டுவிடுங்கள். கொலோனில் ரயில் பாலத்தின் கம்பி வேலி முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள் தொங்கும், ஆயிரக்கணக்கில். சிவப்பு, தங்கம், சைக்கிள் பூட்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க இவள் கையுறையைக் கழற்றிவிட்டாள், நானும் பேசிக்கொண்டே வந்ததில் கவனிக்கவில்லை. பாலத்தின் பாதியில் சத்தமே இல்லாமல் அழுகிறாள். விரல் நுனியெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது, மடக்க முடியவில்லை. நான் தேய்க்கப் போனேன். தம்பி "தேய்க்காதக்கா" என்று சொல்லிவிட்டு, தன் ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து அவள் இரண்டு கையையும் தன் அக்குளுக்குள் வைத்து மூடிக்கொண்டு அப்படியே நின்றான். கீழே ரைன் ஆறு, பக்கத்தில் ரயில் போகிறது, மாமா சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. தேய்க்கக் கூடாது, வெந்நீரிலும் வைக்கக் கூடாது, உடம்புச் சூடுதான் மருந்து.

பெட்டியில் என்ன கொண்டுபோகலாம்

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. அதனால் நெய் பாட்டில், பால்கோவா, பனீர் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, காய்கறிக்கெல்லாம் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், அது இல்லாமல் போனால் குப்பையில்தான் போகும். தேங்காய், வாழைப்பழத்துக்கு அந்தச் சான்று வேண்டாம். மாசிக் கருவாடு, முறுக்கு, பொடி வகை, அப்பளம், வடகம் எல்லாம் தாராளமாகப் போகலாம், கருவாட்டை மட்டும் மூன்று உறை போட்டுக் கட்டுங்கள். குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கிற காய்ச்சல், வாந்தி மருந்தை மருத்துவர் சீட்டோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

போய் இறங்கிய முதல் இரண்டு நாள்

குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். குழந்தை மாலை ஐந்தரைக்கே தூக்கத்தில் சாமியாடும், விடிகாலை இரண்டு மூன்று மணிக்கு எழுந்து உட்காரும். காலையில் எட்டரை மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும் என்பதால் உடம்புக்குக் கணக்கே புரியாது. இந்த இரண்டு நாளில் எந்த டிக்கெட்டும் எடுக்காதீர்கள். மதியம் வெளிச்சம் இருக்கும்போது ஒரு மணி நேரம் பூங்காவில் ஓட விடுங்கள், ஆறரை, ஏழு மணி வரை எப்படியாவது விழித்திருக்க வையுங்கள், மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

ஹீட்டர் போட்ட அறையில் காற்று காய்ந்து போய் என் மகளுக்கு இரண்டாம் நாள் இரவு மூக்கில் ரத்தம் வந்தது. அங்கே இருக்கிறவர்களுக்கு இது சாதாரணம், நமக்கு உயிரே போய்விடும். ஈரத் துண்டைப் பிழிந்து அறையில் கொடி போட்டு விரித்தோம், படுக்கும்போது மூக்கு ஓரம் கொஞ்சம் வாசலின், அதன்பிறகு வரவில்லை. அவசரத்துக்கு எல்லா நாட்டிலும் 112.

தம்பி காரில் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மனியில் 12 வயது ஆகாத, 150 சென்டிமீட்டர் உயரம் எட்டாத குழந்தைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம், பிரான்ஸில் 10 வயது வரை. மடியில் உட்கார வைக்கிற பேச்சே இல்லை. முன்கூட்டியே வயது, எடை, உயரம் சொல்லி யாரிடமாவது இரவல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். காருக்குள் பருத்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு பெல்ட் போட வேண்டும், ஜாக்கெட்டோடு போட்டால் பெல்ட் உடம்பைப் பிடிக்காது.

ஊர் பார்ப்பது

கொலோனில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பேராலயம்தான், 157 மீட்டர் உயரம், கட்டி முடிக்க 1248இலிருந்து 1880 வரை ஆகியிருக்கிறது. உள்ளே போவதற்கு முன்னாலேயே குழந்தையை வாசலுக்கு நேரே கீழே நிற்க வைத்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், அதுவே போதும். கோபுரத்துக்கு 533 படி, லிஃப்ட் கிடையாது, ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம் என்பது என் எண்ணம். நடந்து போகிற தூரத்தில் ஆற்றங்கரையில் சாக்லேட் அருங்காட்சியகம் இருக்கிறது. கொக்கோ காய் எப்படி மரத்தில் காய்க்கிறது என்பதிலிருந்து தொடங்கி, கடைசியில் சாக்லேட் ஊற்றில் வேஃபரை முக்கிக் கையில் கொடுப்பார்கள். மழை நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கொலோனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டார் ரயில், மூன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஒரே ஷெங்கன் என்றாலும் ரயிலில் சோதனை வரலாம், பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வையுங்கள். டிக்கெட் முன்னாடியே எடுத்தால் பாதி விலைக்குக் கிடைக்கும். இறங்குவது கார் து நோர் நிலையத்தில். அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் லா ஷாப்பல். தெருப் பெயர்ப் பலகை பிரெஞ்சு, கடைப் பெயர்ப் பலகை தமிழ். ஈழத்துத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது, இடியாப்பமும் கொத்து ரொட்டியும் சுடச்சுடக் கிடைக்கும், பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயம். நாலு நாளாக ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த என் மகள் அங்கே ஒரு தட்டு இடியாப்பத்தை ஒரு வார்த்தை பேசாமல் முடித்தாள். பாரிஸில் இறங்கியதும் முதல் சாப்பாடு இங்கேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் குளிர்காலத்துக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. ஈஃபில் கோபுரம் இருட்டின பிறகுதான் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிஷம் மின்னும். கோடையில் அதைப் பார்க்கப் பத்து மணிக்கு மேல் ஆகும், டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுவதால் ஆறு மணி மின்னலைப் பார்த்துவிட்டு ஏழரைக்கு வீட்டில் ரசம் சாதம் சாப்பிடலாம். மேலே ஏற வரிசையில் நிற்க வேண்டாம், ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் ட்ரோகாதெரோ மேட்டில் நின்று பாருங்கள். ஓஸ்மான் சாலையில் பெரிய கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பொம்மைகளை ஆட விட்டிருப்பார்கள், குழந்தைகள் ஏறி நின்று பார்க்க மர மேடையும் உண்டு, காசு கிடையாது. அருங்காட்சியகம் என்று ஒன்றுதான் போக முடியும் என்றால் லூவரை விட்டுவிட்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பரிணாமக் கூடத்துக்குப் போங்கள். யானை முன்னே, ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை பின்னே என்று ஊர்வலம் போகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள், அங்கேயே இரண்டு மணி நேரம் போய்விடும். இரண்டுக்குமே செவ்வாய்க்கிழமை விடுமுறை, டிசம்பர் 25, ஜனவரி 1 கூட மூடியிருக்கும்.

வீட்டில் இருக்கும் நேரம்

இதற்குத்தான் நாள் அதிகம் ஒதுக்கச் சொல்கிறேன். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. நம் பிள்ளைக்கு பிரெஞ்சு வராது. முதல் நாள் இரண்டு பக்கமும் பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பேச்சு தேவைப்படாத விளையாட்டாக எடுத்துப் போங்கள். நாங்கள் தாயக்கட்டையும் ஒரு பை புளியங்கொட்டையும் கொண்டுபோனோம், இரண்டாம் நாள் மாலைக்குள் எல்லாம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுக்குமாடி வீடு என்றால் இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டம், குதியாட்டம் வேண்டாம், கீழ் வீட்டுக்காரர் மணி அடித்துவிடுவார்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் பாரிஸ் ரொட்டிக் கடைகளில் கலெத் வந்துவிடும். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கானது, உள்ளே பாதாம் விழுது வைத்த வட்டமான கேக், அதற்குள் எங்கோ ஒரு சின்னப் பீங்கான் பொம்மையை ஒளித்து வைத்திருப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பெரியம்மா ஒன்று வாங்கி வந்தார். வீட்டிலேயே சின்னப் பிள்ளை மேஜைக்கு அடியில் போக வேண்டும், பெரியவர் ஒரு துண்டைத் தொட்டுக் கேட்பார், அடியில் இருக்கிற குழந்தை யாருக்கு என்று பெயர் சொல்லும். என் மகள்தான் கடைசி என்பதால் அவள் போனாள். பெரியம்மா கத்தியைத் துண்டின் மேல் வைத்து "இது யாருக்குடி?" என்று கேட்க, கீழிருந்து "பாட்டிக்கு", "நிக்கோலா அண்ணனுக்கு", "அம்மாவுக்கு" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. பொம்மை நிக்கோலா துண்டில் இருந்தது. காகிதக் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவன் பொம்மையை மட்டும் இவள் கையில் கொடுத்துவிட்டான், கட்டைவிரல் அளவு ஆட்டுக்குட்டி அது. கடிக்கும்போது பல்லில் படும், சின்னக் குழந்தைகள் துண்டை நீங்களே பிட்டுப் பார்த்துக் கொடுங்கள்.