“ஃபாலோ அப்புக்கு வரவில்லை, நீக்கிவிட்டேன் சார்”: தீசிஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் புது பேட்ச் முதுகலை மருத்துவ மாணவர்கள் (பிஜி) தீசிஸ் வேலையைத் தொடங்கும்போது எங்கள் துறைக்கு வருவார்கள். நான் சமூக மருத்துவத் துறையில் இருக்கிறேன். புள்ளியியலில் சந்தேகம் என்றால் அறுவை சிகிச்சை, எலும்பு, கண், மகப்பேறு, மனநலம் என்று எல்லாத் துறை பிஜிக்களும் கடைசியில் வந்து உட்காரும் இடம் அதுதான். எங்கள் காலத்தில் நாங்கள் எல்லாரும் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் (என்ஐஇ) நடத்தும் ஆன்லைன் ஆராய்ச்சிப் படிப்பை முடித்துவிட்டு வருகிறவர்கள்கூடச் செய்கிறார்கள்.

எழுத்துப்பிழை, ரெஃபரன்ஸ் வரிசை, காப்பி அடிப்பது, இவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. மென்பொருளோ கைடோ அவற்றைப் பிடித்துவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் வைவா என்ற வாய்மொழித் தேர்வைத் தாண்டி, அப்புறம் ஜர்னல் கட்டுரையாகவும் வந்துவிடும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

தலைப்பை முடிவு செய்துவிட்டுக் கேள்வியைத் தேடுவது

“சர்க்கரை நோயாளிகளில் வைட்டமின் டி: ஓர் ஆய்வு” என்று சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) வரும். என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறாய் என்று கேட்டால் பதில் இருக்காது. பதிலுக்கு நாலு பக்க ப்ரொஃபார்மா (நோயாளி விவரங்களை நிரப்பும் படிவம்) இருக்கும். எதையும் விடாமல் எழுதிக்கொண்டால் கடைசியில் ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை. முதலில் ஒரே ஒரு விளைவைத் தேர்ந்தெடுங்கள். அதை எந்த நாளில், எந்தக் கருவியால், யார் அளப்பார்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் கேஸ் சேர்க்கத் தொடங்காதீர்கள்.

சிடிஆர்ஐ பதிவைத் தள்ளிப்போடுவது

சிடிஆர்ஐ என்பது ட்ரையல்களை, அதாவது நோயாளிகளிடம் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகளை, பதிவு செய்யும் இந்தியப் பதிவேடு. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்த ட்ரையலைத்தான் ஏற்கிறார்கள். எத்திக்ஸ் கமிட்டி கடிதம் கையில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

வராதவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது

இதில்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. எந்தத் துறை தீசிஸை எடுத்தாலும் “சேர்க்கத் தகாதவர்கள்” பட்டியலில் கடைசி வரியைப் பாருங்கள். கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சம்மதம் தராதவர்கள், அதற்குக் கீழே “ஃபாலோ அப்புக்கு வராதவர்கள்”. முதல் நாள் ஆய்வில் சேர்க்கும்போது ஒருவர் மூன்று மாதம் கழித்து வருவாரா என்று யாருக்குத் தெரியும்? அவர் ஏற்கெனவே சேர்ந்தவர். கையெழுத்துப் போட்டவர், சிகிச்சை பெற்றவர். பின்னால் நடந்ததை வைத்து அவரை முன்னாலேயே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். பிறகு அந்த இடத்தில் புதிதாக ஒருவரைப் பிடித்துப் போட்டு, சாம்பிள் சைஸ் நிறைந்துவிட்டது என்று எழுதிவிடுகிறோம்.

அறுவை சிகிச்சைத் துறையில் ஒரு பிஜி, நல்ல உழைப்பாளி. சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்கு இரண்டு வகை டிரெஸ்ஸிங்கை ஒப்பிட்டிருந்தார். புரிவதற்காக எண்களை மாற்றிச் சொல்கிறேன். குழுவுக்கு 60 பேர். புது டிரெஸ்ஸிங் குழுவில் 12ஆம் வாரம் 45 பேர் வந்தார்கள், 36 பேருக்குப் புண் ஆறியிருந்தது: 80 சதவீதம். பழைய டிரெஸ்ஸிங் குழுவில் 55 பேர் வந்தார்கள், 40 பேருக்கு ஆறியிருந்தது: 73 சதவீதம். புதுசுதான் நல்லது என்று முடிவுரையும் எழுதிவிட்டார்.

இப்போது சேர்ந்த 60 பேரையும் வைத்துப் பாருங்கள். வராதவர்களுக்கு ஆறவில்லை என்று வைத்துக்கொண்டால் புதுசில் 36, அதாவது 60 சதவீதம். பழையதில் 40, அதாவது 67 சதவீதம். முடிவு தலைகீழாகிவிட்டது. வராதவர்கள் எல்லாருக்கும் ஆறிவிட்டது என்று வைத்துக்கொண்டால் புதுசு 85 சதவீதம், பழையது 75. எந்த டிரெஸ்ஸிங் நல்லது என்ற கேள்விக்கு விடை, வந்த நூறு பேரிடம் இல்லை. வராத அந்த 20 பேரிடம் இருக்கிறது.

அவர்களுக்குப் போன் செய்யச் சொன்னேன். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. ஒருவர் எடுத்து, “ஆறிப்போன காலைக் காட்ட ஒரு நாள் கூலியை விட்டுட்டு வரணுமா டாக்டர்?” என்று கேட்டார். இன்னொரு வீட்டில் மகள் எடுத்தார். “அப்பாவுக்கு வேற ஆஸ்பத்திரியில காலை எடுத்தாச்சுங்க.” ஒருவர் இறந்திருந்தார். அந்தக் கால் போனவரும் இறந்தவரும் தீசிஸில் எங்கேயும் கிடையாது. அடுத்த பேட்ச் அந்தத் தீசிஸைப் பார்த்துப் புது டிரெஸ்ஸிங்கை நோயாளிகளுக்குப் போட்டிருக்கும். என் கோபத்துக்குக் காரணம் இதுதான்.

“வராதவர்கள் கொஞ்சம் பேர்தானே சார், எல்லா நோயாளியும் ஒரே மாதிரிதானே” என்பார்கள். ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் மாரடைப்பு வந்த ஆண்களிடம் ‘கரோனரி டிரக் ப்ராஜெக்ட்’ என்றொரு பெரிய ட்ரையல் நடந்தது. அதில் குளோஃபைப்ரேட் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டில் இறந்தவர்கள் 15 சதவீதம், ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 24.6. மருந்து வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக் குழுவிலும் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 15.1 சதவீதமும், சாப்பிடாதவர்களில் 28.2 சதவீதமும் இறந்திருந்தார்கள். 1980இல் வெளியான கணக்கு இது. சொன்னபடி நடக்கிறவர், சொன்ன நாளில் வருகிறவர் வேறு வகை மனிதர். அவருக்குத் துணைக்கு வர ஆள் இருக்கிறது, பஸ்ஸுக்குக் காசு இருக்கிறது, உடம்பிலும் தெம்பு இருக்கிறது. அவரை மட்டும் எண்ணினால் அந்த வசதிகளையும் சேர்த்துத்தான் சிகிச்சையின் பலன் என்று எழுதுகிறீர்கள்.

எந்தக் குழுவில் சேர்த்தோமோ அந்தக் குழுவிலேயே எல்லாரையும் கடைசி வரை எண்ண வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் வந்தது. எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேரைச் சேர்த்தோம், எத்தனை பேர் எந்தக் கட்டத்தில், எதனால் விடுபட்டார்கள் என்று கன்சார்ட் படம் (ட்ரையல் அறிக்கையில் போட வேண்டிய வரைபடம்) கேட்பதும் இதற்காகத்தான். அந்தப் படத்தில் எல்லாப் பெட்டியிலும் 60, 60 என்று ஒரே எண் இருந்தால் நான் முதலில் பதிவேட்டைத்தான் கேட்பேன்.

யார், ஏன் வராமல் போவார்கள் என்பது துறைக்குத் துறை மாறும். அதில் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்ததுதான். கண் துறையில் புரை ஆபரேஷன் முடிந்து பார்வை நன்றாக வந்தவர் திரும்ப வரமாட்டார். மனநலத்தில் நன்றாக ஆனவரும் வரமாட்டார், மிக மோசமானவரும் வரமாட்டார். எலும்பு முறிவுக்காரர் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டுப் புத்தூர் கட்டுக்குப் போயிருப்பார். முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண் சில மாதத்தில் குழந்தையோடு வேறு மாவட்டத்தில் உள்ள கணவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஆறாம் மாத ஃபாலோ அப் என்று சினாப்சிஸில் எழுதும்போதே இது தெரியாதா? ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்த நோயாளி சிகிச்சையில்தான் இருக்கிறார், நம் ஓபிக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று உண்டு. நோயாளி வந்திருப்பார், பிஜி இருந்திருக்க மாட்டார். யூனிட்டின் ஓபி செவ்வாய்க்கிழமை, நோயாளிக்கு வேலையில் லீவு கிடைத்தது வியாழக்கிழமை. வேறு யூனிட்டில் பார்த்து அனுப்பியிருப்பார்கள். இல்லையென்றால் பிஜி மூன்று மாத மாவட்ட ரெசிடென்சிக்காக வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். இப்படி விடுபட்டவர்களையும் “நோயாளி வரவில்லை” என்றே எழுதுகிறார்கள். வெயிலில் பஸ் மாறி வந்து, சீட்டு வாங்கி, வரிசையில் நின்றுவிட்டுப் போனவரைப் பற்றி அப்படி எழுதுவது நியாயமே இல்லை.

சரி, என்ன செய்வது? சேர்க்கும் அன்றே மூன்று போன் எண்கள் வாங்குங்கள்: அவருடையது, கூட இருப்பவருடையது, ஊரில் எப்போதும் இருக்கும் ஒரு உறவினருடையது. அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள். ஓபி சீட்டில் இருக்கும் எண் பெரும்பாலும் பேரனுடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கும். முகவரியில் தெருப் பெயரோடு கோயில், ரேஷன் கடை என்று அடையாளம் எழுதுங்கள். கர்ப்பிணி என்றால் பிக்மி எண்ணை (அரசின் கர்ப்பகாலப் பதிவு எண்) குறித்துக்கொள்ளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் அந்தப் பெண் எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்வார். வீட்டுக்குப் போன் செய்யலாமா, யாரிடம் பேசலாம் என்பதைச் சம்மதப் படிவத்திலேயே கேளுங்கள். மனநலம், எச்ஐவி, குழந்தையின்மை ஆய்வுகளில் இது மிக முக்கியம், வீட்டில் யாருக்கும் தெரியாமல் சிகிச்சைக்கு வருகிறவர்கள் உண்டு. பஸ் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் இடம் தருகின்றன, எத்திக்ஸ் கமிட்டியிடம் முதலிலேயே அனுமதி வாங்க வேண்டும். ரிவ்யூ தேதியைப் பொங்கலிலும் அறுவடையிலும் வைக்காதீர்கள். நேரில்தான் வர வேண்டும் என்ற அளவீடு எது, போனில் கேட்டாலே போதும் என்பது எது என்று பிரித்துவையுங்கள். உயிரோடு இருக்கிறாரா, மறுபடி ஆபரேஷன் ஆனதா என்பதைப் போனில் கேட்கலாம்.

“நம்ம ஊரில் நடக்காது சார்” என்று யாராவது சொன்னால் நான் சென்னைக் காசநோய் ஆய்வைத்தான் சொல்வேன். 1956இல் தொடங்கிய அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் (என்ஐஆர்டி). ஏழைக் குடும்பத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு வீட்டிலேயே, மறுபாதிக்குச் சானடோரியத்தில் ஓராண்டு சிகிச்சை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களை ஐந்து ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். 1959இல் முதல் முடிவு வெளியானது: வீட்டுச் சிகிச்சையின் பலன் சானடோரியத்துக்குக் கிட்டத்தட்ட இணையாகவே இருந்தது. உலகம் முழுவதும் காசநோயாளிகளை மாதக்கணக்கில் அடைத்துவைத்த வழக்கம் மாற அது பெரிய காரணம். செல்போன் இல்லாத காலத்தில், சென்னையின் நெருக்கடியான தெருக்களில் தேடிப்போனதால் கிடைத்த விடை அது. வராதவர்களை நீக்கியிருந்தால் அந்த முடிவை யார் நம்பியிருப்பார்கள்?

விடுபடுவோருக்காகச் சாம்பிளைக் கூட்டும் கணக்கு

80 பேர் கடைசி வரை வேண்டும், 20 சதவீதம் பேர் விடுபடலாம் என்றால் 96 பேரைச் சேர்ப்பது தவறு. 96இல் 20 சதவீதம் போனால் 77தான் மிஞ்சும். 80ஐ 0.8ஆல் வகுங்கள், 100 வரும். கூடுதலாகச் சேர்த்துவிட்டதால் தேடிப்போக வேண்டாம் என்று ஆகாது. எண்ணிக்கை நிறையும், ஒருபக்கச் சாய்வு அப்படியே இருக்கும்.

தியேட்டர் வாசலில் சம்மதம் வாங்குவது

ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் எதற்கும் சரி என்பார். முந்தின நாள் வார்டில், உறவினர் பக்கத்தில் இருக்கும்போது படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வது சாட்சி ஆகாது.

எக்செலில் எண்ணுக்குப் பதில் வகை

வயது 47 என்று போடுங்கள், “40 முதல் 50” என்று போடாதீர்கள். எண்ணைப் பிறகு வகையாகப் பிரிக்கலாம், வகையிலிருந்து எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது.

நோயாளியின் பெயரோடு கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது

கூடாது.

பி வேல்யூவை மட்டும் சொல்வது

உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே பி வேல்யூ சொல்லும். வித்தியாசம் எவ்வளவு, அது நோயாளிக்கு எந்த விதத்தில் உதவும் என்று முதலில் சொல்லுங்கள்.

பாதி வழியில் இருப்பவர்களுக்கு

இரண்டாம் ஆண்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. பதிவேட்டை எடுத்து ரிவ்யூ தேதி தாண்டியவர்களின் பெயர்களைத் தனியாக எழுதுங்கள். அவர்களின் ஐபி எண்ணை வைத்து மற்ற யூனிட் ஓபி பதிவுகளிலும் மெடிக்கல் ரெகார்ட்ஸ் பிரிவிலும் தேடுங்கள். சம்மதப் படிவத்தில் தொடர்புகொள்ள அனுமதி இல்லை என்றால் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் அனுப்பி, ஒப்புதல் வந்த பிறகு கூப்பிடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூப்பிட்டால் வேலையிலிருந்து வீடு திரும்பியிருப்பார்கள். முதலில் “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள், ஆய்வைப் பற்றிய பேச்சு அப்புறம். சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருந்தால் உடனே வரச் சொல்லி, ஓபியில் நீங்களே போய் நில்லுங்கள். எவ்வளவு தேடியும் கிடைக்காதவர்களை, கிடைக்கவில்லை என்றே எண்ணிக்கையோடு எழுதுங்கள். “சேர்க்கத் தகாதவர்கள்” பட்டியலில் இருக்கும் அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். வைவாவில் யாராவது ஏன் இத்தனை பேர் விடுபட்டார்கள் என்று கேட்டால், ஒவ்வொருவரையும் எப்படித் தேடினீர்கள் என்று காட்டும் தாள் உங்கள் கையில் இருக்கட்டும்.