பஸ்ஸுக்கு ‘ஆன்’, காருக்கு ‘இன்’: எதை எங்கே போடுவது?

பேருந்தில், காரில், சைக்கிளில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’ உருபைச் சேர்த்துப் பழகிய நமக்கு, ஆங்கிலம் ஒன்றுக்கு ‘இன்’ என்றும் மற்றொன்றுக்கு ‘ஆன்’ என்றும் கேட்பது குழப்பம் தருவது இயல்பே. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஏறியபின் அந்த வண்டியில் நம் உடல் எப்படி இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது பலன் தரும்.

குனிந்து நுழைந்து, நுழைந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டிய கார், டாக்சி, ஆட்டோ, பரிசல் போன்றவற்றுக்கு ‘இன்’ வரும். எழுந்து நிற்கவும் நடமாடவும் இடமுள்ள பேருந்து, ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றுக்கு ‘ஆன்’ வரும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை ஆகியவற்றின் மேல் அமர்வதால் அவற்றுக்கும் ‘ஆன்’தான். நிமிர்ந்து நிற்க முடியாத சிறிய விமானமானாலும், பயணச்சீட்டு வாங்கிப் பலரோடு செல்லும் பயணம் என்றால் ‘ஆன்’ என்பதே வழக்கு. ஏறி இறங்குவதற்கும் இதே வேறுபாடு உண்டு: காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’, பேருந்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. நம் நாட்டில் பரவலாகக் கேட்கும் ‘கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்’ என்பதைப் பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலம் பேசுவோர் பொதுவாகச் சொல்வதில்லை.

‘இன் தி பஸ்’ என்று கண்டவுடனே பிழையென்று சிவப்பு மையால் அடித்துவிடக் கூடாது. பயணத்தைக் குறிக்காமல், பேருந்தின் உட்புறத்தைக் குறித்து ‘இட் வாஸ் ஹாட் இன் தி பஸ்’ என்று எழுதினால் அது முற்றிலும் சரி.

எதில் வந்தீர்கள் என்ற கேள்விக்கு ‘பை பஸ்’, ‘பை கார்’ என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் ‘மை’, ‘தி’ போன்ற சொல் வண்டிக்கு முன்னால் வந்துவிட்டால் ‘பை’ பொருந்தாது, ‘இன் மை கார்’ என்றே எழுத வேண்டும். நடந்து வந்தால் ‘ஆன் ஃபுட்’.

இருக்கைகளில்தான் கூடுதல் கவனம் தேவை. கைப்பிடிகளோடு உடலைச் சூழ்ந்துகொள்ளும் சாய்வு நாற்காலிக்கு ‘இன்’ என்றும், முக்காலிக்கும் பெஞ்சுக்கும் ‘ஆன்’ என்றும், சாதாரண நாற்காலிக்குப் பெரும்பாலும் ‘ஆன்’ என்றும் வரும். வண்டிக்குள் நமக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் அமர்ந்திருந்தால் ‘இன் மை சீட்’, ‘இன் தி விண்டோ சீட்’ என்கிறோம். அதே இருக்கையில் கைக்குட்டை போட்டு இடம்பிடித்தால், அந்தக் கைக்குட்டை கிடப்பது ‘ஆன் தி சீட்’.

பின்பக்கத்தைச் சொல்லும்போது வேறுபாடு இன்னும் நுட்பமாகிறது: காரின் பின்னிருக்கையில் இருப்பவர் ‘இன் தி பேக் ஆஃப் தி கார்’, பேருந்தின் கடைசி வரிசையில் இருப்பவர் ‘அட் தி பேக் ஆஃப் தி பஸ்’, பைக்கில் ஓட்டுபவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் ‘ஆன் தி பேக் ஆஃப் தி பைக்’.