மேசைப் போர் விளையாட்டுக்குப் பர்மியக் காடு அமைத்தல்
1944ஆம் ஆண்டின் பர்மாப் போர்முனையை 28 மி.மீ. பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடுவோர், மரங்களுக்கு முன்பாகத் தரையைக் கவனிக்க வேண்டும். 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையை ஒழுங்கற்ற வடிவில் அறுத்து, விளிம்புகளை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, ஃபெவிகால் தடவிச் சலித்த மணலைத் தூவவும். பசையை மேற்புறம் மட்டும் தடவினால் காயும்போது பலகை வளைந்துவிடக்கூடும் என்பதால், அடிப்புறத்திலும் தடவிவிடுவது நல்லது. தரையில் கிடக்கும் சருகாகக் காட்ட, டீ போட்டு மிஞ்சிய தேயிலைத்தூளே போதும். ஆனால் நன்றாக உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மீன்தொட்டிக்கான பிளாஸ்டிக் செடிகள் மலிவானவை என்றாலும், அவற்றின் பளபளப்பு காட்டையே பொம்மைக் கடையாக்கிவிடும். ஆகவே சோப்புநீரில் கழுவி, பளபளப்பற்ற கரும்பழுப்பு ஸ்பிரே அடித்து, அது காய்ந்தபின் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால், வெயில் படும் மேல் இலைகளில் மட்டும் இளம்பச்சையை இழுக்க வேண்டும். அடி இலைகள் இருண்டே இருக்கட்டும்.

மூங்கிலுக்குத் தென்னை ஈர்க்கு பொருந்தும். கணுக்களைப் பசைத் துளியால் புடைக்கச் செய்து, ஒவ்வொரு புதரிலும் இரண்டொரு தண்டுகளுக்கு வைக்கோல் மஞ்சள் பூசினால் பட்டுப்போன மூங்கில் கிடைக்கும். 15 மீட்டர் மூங்கில், 28 மி.மீ. வீரர்களுக்குப் பொருந்தும் 1:56 அளவில் ஏறத்தாழ 27 செ.மீ. வரும், கை நுழைய இடமிராது என்பதால் நான் 15 செ.மீ.யோடு வெட்டிவிடுகிறேன். புதர்களைத் தனித்தனி வில்லைகளில் ஒட்டினால், வீரர்கள் உள்ளே நுழையும்போது எடுத்து வைக்கலாம்.