இரைப்பையில் பாலிப்: தொடர் என்டோஸ்கோபியை ஒழுங்காகச் செய்துகொள்வது எப்படி?

வேறு எதற்கோ செய்த என்டோஸ்கோபியில் (கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) இரைப்பையில் பாலிப், அதாவது உட்சுவரில் புடைத்த சிறு வளர்ச்சி, இருப்பதாகவும் அது புற்றுநோய் அல்ல என்றும் தெரியவந்தால், சிலர் பயந்துபோய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாயை விழுங்குகிறார்கள். சிலர் அறிக்கையை பீரோவில் வைத்துவிட்டு மறந்தே போகிறார்கள். மறுபரிசோதனை எப்போது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் பாலிப்பின் வகைதான் என்பதால், முதலில் பயாப்சி (திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) அறிக்கையில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

ஃபண்டிக் சுரப்பி பாலிப் (இரைப்பையின் மேல்பகுதிச் சுரப்பிகளில் உருவாவது) என்றிருந்தால், ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை நீங்கள் நெடுநாளாக எடுத்துவருகிறீர்களா என்று மருத்துவர் கேட்பார். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான, புற்றுநோயை நோக்கிய செல் மாற்றம் ஏதும் இல்லாத இவ்வகைக்குத் தொடர் கண்காணிப்பு பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் இளம் வயதில் ஏராளமாகக் காணப்பட்டால், பரம்பரைக் குடல் பாலிப் நோயை எண்ணிப் பெருங்குடலையும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஹைப்பர்பிளாஸ்டிக் வகையில் (அழற்சியால் உட்சவ்வு மிகையாக வளர்வது) ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இருக்கிறதா என்று சோதித்து, இருந்தால் முதலில் அதை ஒழிக்க வேண்டும். கிருமி போனபின் பாலிப் தானே சுருங்குவதும் மறைவதும் உண்டு. சிகிச்சை முடிந்து 3 முதல் 6 மாதத்தில் மீண்டும் பார்ப்பது வழக்கம். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியும் நிற்பதை அகற்றிவிடுவதே நல்லது. சுற்றியுள்ள இரைப்பை உட்சவ்விலிருந்தும் பயாப்சி எடுத்தார்களா என்று கேளுங்கள்; அந்தச் சவ்வு பரவலாக மெலிந்திருந்தால், பாலிப்பை விட அதுவே கவலைக்குரியது, அதற்கு 3 ஆண்டுக்கு ஒருமுறை கண்காணிப்பு தேவைப்படும்.

அடினோமா (புற்றுநோயாக மாறக்கூடிய வகை) என்றால் காத்திருக்கக் கூடாது. அகற்றிவிட்டு, ஓராண்டில் ஒருமுறையும், பிறகு உடல்நிலைக்கேற்ப ஆண்டுதோறும் பார்க்கிறார்கள்.

சவ்வுக்கு அடியில் புடைத்திருக்கும், வகை உறுதியாகாத, தொந்தரவு தராத கட்டிகளுக்குக் கணக்கு வேறு. முதலில் 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை பார்ப்பார்கள். அதன்பின், 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றை 2-3 ஆண்டுக்கு ஒருமுறையும், 10 முதல் 20 வரையுள்ளவற்றை 1-2 ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. எண்டோ அல்ட்ராசவுண்டில் (என்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலிருந்து செய்யும் ஸ்கேன்) கொழுப்புக் கட்டி என்று தெளிவாகிவிட்டால் கண்காணிப்பே வேண்டாம்.

முந்தைய அறிக்கை, படங்கள், பயாப்சி முடிவு மூன்றையும் ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்லுங்கள். மருத்துவர் பெரும்பாலும் பயாப்சி இடுக்கியை வாய்திறந்த நிலையில் பாலிப்பின் அருகே வைத்துக் கண்ணால்தான் அளவை மதிப்பிடுகிறார் என்பதால், 6 மில்லிமீட்டர் அடுத்த முறை 8 ஆகியிருந்தால் உண்மையில் வளர்ந்துவிட்டது என்று உடனே கொள்ள முடியாது. பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

பரிசோதனைக்கு முன் 6 மணி நேரம் உணவும், 2 மணி நேரம் தண்ணீரும் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

இடையில் கருமையான மலம், இரத்த வாந்தி, காரணமற்ற எடைக் குறைவு, இரத்தசோகை தோன்றினால், அடுத்த தேதிவரை காத்திராமல் உடனே செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருமையாக்கும். அதை எடுப்பவர்கள் மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும்.