மேக்கில் விண்டோக்களைத் தேடி அலையாமல் இருக்க

"இப்போதானே இங்கே இருந்துச்சு, எங்கே போச்சு?" ஆப்பிளின் மேக் கணினியைப் புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பாதி படித்த இணையப் பக்கத்தின் மேல் மெயில், அதன் மேல் ஒரு பிடிஎஃப், அதற்கும் மேல் ஏதோ ஒரு கோப்புறை. விண்டோக்களை ஒழுங்குபடுத்த மேக்கில் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிரந்தர இடத்தை ஒதுக்கிவிட்டால், தேடுவது பாதியாகக் குறைந்துவிடும்.

படி 1: மூன்று பொத்தான்கள்

விண்டோவின் இடது மேல் மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பொத்தான்கள் இருக்கும். பெரும்பாலான செயலிகளில் சிவப்பை அழுத்தினால் விண்டோ மட்டும்தான் மூடும். செயலி பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். டாக்கில், அதாவது செயலிகளின் ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டையில், அதன் ஐகானுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். முழுதாக மூட கமாண்ட் + க்யூ. இது தெரியாமல் நான் ஆரம்பத்தில் ஒரு டஜன் செயலிகளை "மூடி" வைத்துவிட்டு, கணினி ஏன் மந்தமாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மஞ்சள் விண்டோவைச் சுருக்கி டாக்கின் ஓரத்துக்கு அனுப்பும். பச்சை முழுத்திரைக்குப் போகும். அப்படிப் போன விண்டோ தனக்கென ஒரு தனித் திரையை எடுத்துக்கொள்ளும். மற்ற எல்லாம் காணாமல் போனதுபோல் தெரிவது அதனால்தான். திரும்பி வர கன்ட்ரோல் + கமாண்ட் + எஃப். முழுத்திரை வேண்டாம், அளவு மட்டும் பெரிதானால் போதும் என்றால் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு பச்சையைச் சொடுக்குங்கள்.

படி 2: சுருக்காதீர்கள், மறையுங்கள்

மஞ்சள் பொத்தானை நான் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். காரணம் இருக்கிறது. கமாண்ட் + டேப் அழுத்திச் செயலிகளுக்கு இடையே தாவும்போது, சுருக்கி வைத்த விண்டோ தானாக மேலே வராது. செயலிக்குப் போய்விடுவீர்கள், விண்டோ மட்டும் டாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குப் பதில் கமாண்ட் + எச் அழுத்தி மறைத்தால், அந்தச் செயலியின் எல்லா விண்டோக்களும் மறையும். கமாண்ட் + டேப்பில் அப்படியே திரும்பி வரும். கமாண்ட் + ஆப்ஷன் + எச் அழுத்தினால் இப்போது வேலை செய்யும் செயலியைத் தவிர மற்ற எல்லாம் மறைந்துவிடும். திரை குப்பையாகிவிட்டது என்று தோன்றும்போது இது ஒன்றே போதும்.

ஒரே செயலியில் நான்கு விண்டோ திறந்திருந்தால் கமாண்ட் + டேப் உதவாது. கமாண்டோடு டேப்புக்கு நேர் மேலே உள்ள விசையை அழுத்துங்கள், அந்தச் செயலியின் விண்டோக்களுக்கு இடையே தாவலாம். சில விசைப்பலகைகளில் அந்த விசை இடது ஷிஃப்ட்டை ஒட்டி இருக்கும்.

படி 3: ஒரு மேசை போதாது

இனி முக்கியமான பகுதி. மேக்கில் ஒன்றல்ல, 16 டெஸ்க்டாப்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இவற்றுக்கு ஸ்பேசஸ் என்று பெயர். 2007-லேயே வந்த வசதி. 2011-ல் மிஷன் கன்ட்ரோலோடு சேர்ந்தது.

கன்ட்ரோல் + மேல் அம்புக்குறி அழுத்துங்கள், அல்லது டிராக்பேடில் மூன்று விரல்களை மேலே தள்ளுங்கள். திறந்திருக்கும் எல்லா விண்டோக்களும் பரப்பி வைத்ததுபோல் தெரியும். இதுதான் மிஷன் கன்ட்ரோல். சுட்டியைத் திரையின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனால் வலது கோடியில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அதைச் சொடுக்கினால் புதிய டெஸ்க்டாப் தயார். ஒரு விண்டோவை இழுத்து அதன்மேல் போட்டால் அங்கே குடியேறிவிடும். இடம் மாற கன்ட்ரோல் + இடது, வலது அம்புக்குறிகள்.

இத்தோடு விட்டுவிட்டால் இரண்டே நாளில் குழப்பம் வரும். கடைசியாகப் பயன்படுத்தியதை வைத்து டெஸ்க்டாப்களின் வரிசையை மேக் தானே மாற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாவதாக இருந்தது திடீரென்று இரண்டாவதாகிவிடும். ஆகவே சிஸ்டம் செட்டிங்ஸில் 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பக்கத்தின் அடியில், மிஷன் கன்ட்ரோல் பகுதியில் உள்ள முதல் தேர்வை, அதாவது 'ஆட்டோமேட்டிக்கலி ரீஅரேஞ்ச் ஸ்பேசஸ்' என்று தொடங்குவதை, அணைத்துவிடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

அப்புறம், செயலிகளுக்கு இடம் ஒதுக்குவது. நான் வைத்திருப்பது மூன்று: முதலாவதில் எழுத்து வேலை, இரண்டாவதில் பிரவுசர், மூன்றாவதில் மெயிலும் அரட்டையும். வேண்டிய டெஸ்க்டாப்பில் நின்றுகொண்டு, டாக்கில் செயலியின் ஐகானை வலது சொடுக்குங்கள். 'ஆப்ஷன்ஸ்' என்பதில் 'திஸ் டெஸ்க்டாப்' என்று தேர்ந்தெடுத்தால், இனி அந்தச் செயலி அங்கேதான் திறக்கும். ஒரே ஒரு டெஸ்க்டாப் இருக்கும்போது இந்தத் தேர்வு கண்ணில் படாது. எனவே முதலில் டெஸ்க்டாப்களை உருவாக்கிவிட்டு வாருங்கள்.

வேண்டாத டெஸ்க்டாப்பை நீக்கப் பயப்பட வேண்டாம். மிஷன் கன்ட்ரோலில் அதன் மேல் சுட்டியை வைத்து, தோன்றும் பெருக்கல் குறியைச் சொடுக்குங்கள். அதிலிருந்த விண்டோக்கள் வேறொரு டெஸ்க்டாப்புக்கு மாறிவிடும், எதுவும் அழியாது.

படி 4: இரண்டை அருகருகே வைக்க

உங்கள் மேக்கின் இயங்குதளம் 2024-ல் வந்த செக்கோயா பதிப்போ அதற்குப் பிந்தையதோ என்றால் வேலை சுலபம். விண்டோவை இடது அல்லது வலது விளிம்புக்கு இழுத்தால் பாதித் திரை, மூலைக்கு இழுத்தால் கால் திரை, மேல் விளிம்புக்கு இழுத்தால் முழு இடம். விசையில் செய்ய எஃப்என் + கன்ட்ரோல் + அம்புக்குறி. பழைய அளவு வேண்டுமானால் எஃப்என் + கன்ட்ரோல் + ஆர். விண்டோக்களுக்கு நடுவே விடும் சிறு இடைவெளி உறுத்தினால், அதே 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பக்கத்தில் அணைத்துவிடலாம். நான் அணைத்துவிட்டேன்.

பழைய பதிப்பு என்றால் பச்சைப் பொத்தான் வழியாக இரண்டு விண்டோக்களை அருகருகே வைக்கும் ஸ்பிளிட் வியூ உண்டு. ஆனால் அது முழுத்திரைக்குள் போய்விடும் என்பதால் எனக்கு ஒத்துவரவில்லை. ரெக்டாங்கிள் என்ற இலவசச் செயலியை நிறுவிக்கொள்வது மேல்.

படி 5: டெஸ்க்டாப்பில் குவியும் கோப்புகள்

டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் வலது சொடுக்கி 'யூஸ் ஸ்டாக்ஸ்' கொடுங்கள். படங்கள் ஓர் அடுக்கு, ஆவணங்கள் ஓர் அடுக்கு என்று சேர்ந்துகொள்ளும். கோப்புகள் எங்கேயும் நகர்வதில்லை, பார்வைக்குத்தான் அடுக்கு. குவியலுக்குப் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்தான் காரணம். கமாண்ட் + ஷிஃப்ட் + 5 அழுத்தி, 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் சேமிக்கும் இடத்தை வேறு கோப்புறைக்கு மாற்றுங்கள்.

இரண்டு பயமுறுத்தல்கள்

வால்பேப்பரைத் தெரியாமல் சொடுக்கியதும் எல்லா விண்டோக்களும் ஓரத்துக்கு ஓடிவிட்டனவா? 2023-ல் சோனோமா பதிப்போடு வந்த பழக்கம் அது. மறுபடி சொடுக்கினால் திரும்பும். பிடிக்காவிட்டால் அதே 'டெஸ்க்டாப் அண்ட் டாக்' பக்கத்தில், வால்பேப்பர் சொடுக்குக்கான தேர்வை 'ஒன்லி இன் ஸ்டேஜ் மேனேஜர்' என்று மாற்றுங்கள்.

திரையின் இடது ஓரத்தில் விண்டோக்கள் குட்டி குட்டியாக வரிசை கட்டி நின்றால், ஸ்டேஜ் மேனேஜர் தவறுதலாக இயங்கிவிட்டது. சிலருக்கு அது பிடிக்கிறது. டெஸ்க்டாப்களைப் பிரித்து வைத்தவர்களுக்கு என் கணிப்பில் அது தேவையில்லை. மேல் பட்டையில் கன்ட்ரோல் சென்டரைத் திறந்தால் அணைக்கும் பொத்தான் அங்கேயே இருக்கும்.