ஜப்பானிய இலக்கணத்தை ஜப்பானிய மொழியிலேயே கேட்டறிவோம்

ஜப்பானிய மொழி கற்பவர்கள் இலக்கணச் சொற்களையும் அம்மொழியிலேயே முதல் மாதத்தில் பழகிக்கொள்வது நல்லது. பெயர்ச்சொல் ‘மேஷி’, வினைச்சொல் ‘தோஷி’, நம் வேற்றுமை உருபுகளைப் போலப் பெயருக்குப் பின் நிற்கும் இடைச்சொல் ‘ஜொஷி’. இதில் ஓசையை நீட்டி ‘ஜோஷி’ என்றால் மேலதிகாரி என்று பொருள் மாறிவிடும் என்பதால், குறில் நெடிலில் கவனம் தேவை.

தமிழர்களுக்குப் பெரிதும் குழப்பம் தருபவை ‘நி’, ‘தெ’ என்னும் இடைச்சொற்களே. ‘நூலகத்தில் இருக்கிறேன்’, ‘நூலகத்தில் படிக்கிறேன்’ என்னும் இரண்டிலும் நாம் ‘இல்’ உருபையே சேர்க்கிறோம். ஜப்பானிய மொழியிலோ இருப்பைச் சொல்லும்போது ‘தொஷொகன் நி இமஸ்’ என்றும், செயலைச் சொல்லும்போது ‘தொஷொகன் தெ பென்க்யோ ஷிமஸ்’ என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இத்தகைய ஐயம் எழும்போது, ஆங்கிலத்துக்குத் தாவாமல், ‘நி தொ தெ வ தோ ச்சிகாய்மஸ் க’, அதாவது இரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆசிரியரிடம் கேளுங்கள். விளக்கம் முழுதும் புரியாவிட்டால், ‘ரேபுன் ஒ ஒனெகாய்ஷிமஸ்’ என்று எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைக் குறிப்பேட்டில் எழுதி, இடைச்சொல்லை மட்டும் வட்டமிட்டு வையுங்கள். விதியைவிட அந்த வாக்கியமே பேசும்போது முதலில் நினைவுக்கு வரும்.