மலிவு விலை வின்ச்: இழுக்காமல் நின்ற காரணம்

என் டீசல் ஜீப் ஆட்களும் பொருட்களும் ஏறிய நிலையில் ஏறத்தாழ 2,500 கிலோ எடையுடையது; அந்த எடையின் ஒன்றரை மடங்கையாவது இழுக்கும் வலு வேண்டும் என்ற கணக்கில், கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையொன்றில் 9,500 இறாத்தல் (ஏறத்தாழ 4,300 கிலோ) இழுக்கும் வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுத்தெடுக்கும் மின்பொறி) ஒன்றை வாங்கிப் பொருத்துவித்தேன்.

அவிசாவளைக்கு அப்பால், மழையில் ஊறிய றப்பர் தோட்டப் பாதையில் அதை முதன்முறை இயக்கியபோது, கம்பி இறுகியதும் ரிலே (மோட்டாருக்கு மின்னை விடும் சுவிச்) 'டக் டக்' என்று அடித்ததே தவிர மோட்டார் சுழலவில்லை. மோட்டார் எரிந்துவிட்டது என்றே அஞ்சினேன். கொழும்பு திரும்பி, கம்பியை மரத்தில் கட்டி, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரால் பார்த்தபோது, சுமையேறிய கணத்தில் பற்றரியில் ஏறத்தாழ 12 வோல்ட் இருக்க, மோட்டாரில் 8 வோல்ட்டே இருந்தது. மோட்டாரின் எதிர்முனை (−) வயரைப் பற்றரிக்குக் கொண்டுவராமல், பம்பரின் பெயின்ற் பூசிய ஆணியொன்றில் முறுக்கியிருந்தார்கள். அந்த ஆணியைத் தொட்டபோது விரல் சுட்டது. முழுச் சுமையில் 400 அம்பியர் வரை கேட்கக்கூடிய மோட்டாருக்கு அத்தகைய இணைப்புப் போதவே போதாது.

தடித்த வெல்டிங் கேபிளை மோட்டாரிலிருந்து நேரே பற்றரியின் எதிர்முனைக்கு இழுத்து, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன். இப்போது சுமையிலும் 11 வோல்ட் நிற்கிறது.

உருளையில் கம்பி அடுக்கடுக்காக ஏறும்போது இழுவிசை குறைவதால், கம்பி அதிகம் வெளியே போகும்படி தொலைவிலுள்ள மரத்தையே தேர்கிறேன். ஆனாலும் கம்பி கழன்றுவிடாதபடி உருளையில் ஐந்து சுற்றாவது எஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.